பின்னோக்கி நடத்தல்

டாங்கோ என்றதும் நம்மவர் மனக்கண்ணில் எழுவது திரைப்படம் தந்த ஓர் உருவமாகும். கறுப்பு உடை அணிந்த ஆடவன் ஒருவன்; அவன் பல்லிடையே ஒரு ரோசாப்பூ; தொடைவரை பிளந்த சிவப்புப் பாவாடையோடு அவன் கையில் வளைந்து கிடக்கும் ஒரு நங்கை. இக்கேளிக்கையைப் பற்றி எழுதத் தமிழாசிரியர் ஒருவருக்கு என்ன வந்தது என்று வாசகர் கேட்பது நியாயமே. பத்து மாத காலம் அவ்வாடலைப் பயின்றோம் என்பதொன்றையே நாம் தகுதியாகக் காட்ட முடியும். அப்பத்து மாதங்களில் எமக்குத் தெளிவாகியது ஒன்றுண்டு. டாங்கோ என்று ஓர் ஆடல் இல்லை, டாங்கோக்கள் உண்டு. ஒவ்வொன்றும் இன்ன தெருவில், இன்ன வகுப்பாரிடையே, இவ்வளவு இடத்துக்குள் பிறந்தது என்று சொல்லத்தக்கது. ரோசாப்பூக்காரனும் அவர்களுள் ஒருவனே. ஆயின் அவன் பிறந்த இடம் புவெனஸ் அயர்ஸ் நகரத்து ஏழைத் தெருவன்று, வாணிகச் சந்தை.

குடும்பக் காரியம் ஒன்றன் பொருட்டுச் சம்பளமற்ற விடுமுறை பெற்று, பரிஸ் மாநகரில் எமது தமையனார் வீட்டிலே தங்கியிருந்தோம். வீடு என்பது மரியாதைச் சொல். நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதிக்கு அப்பால், ஐந்தாம் மாடியில், இரண்டு அறைகள். அண்ணர் 1997 இல் ஊரை விட்டுச் சென்றவர். அப்போது எமக்கு எட்டு வயது. உணவகம் ஒன்றின் சமையலறைக்கு மாலை நான்கு மணிக்குச் சென்று, நள்ளிரவு கழிந்தே திரும்புவார். ஆகவே எமது மாலைகள் வெறுமையாய்க் கிடந்தன. கோடைகாலத்து மாலையொன்றிலே சேன் நதியோரமாக நடந்து சென்றபோது, சென் பெர்னார் கரையில் நீர்மட்டத்தை அடுத்து அமைந்த அரைவட்டக் கற்றளங்களில் மக்கள் ஆடக் கண்டோம். நூறு பேர் வரையில் இருக்கலாம். ஒருவரும் பார்வையாளரை நோக்கவில்லை. பெண்கள் பலர் கண்களை மூடியவாறு பின்னோக்கி நடந்தனர். ஆடல் என்பது காண்போருக்காக ஆடப்படுவது என்ற வழக்கிலே வளர்ந்த எமக்கு, காண்போரைச் சிறிதும் பொருட்படுத்தாத அந்த ஆடல் விந்தையாயிருந்தது. மறுவாரமே நகரின் வடபுறத்திலுள்ள ஒரு சிறு மண்டபத்தில் நிகழ்ந்த வகுப்பிற் சேர்ந்தோம்.

ஆசிரியர் எழுபதை அணுகிய ஆர்ஜென்ரீனர். தந்தையார் புகையிரதத் தொழிலாளி. அந்நாட்டுப் புகையிரதப் பாதைகளிற் பெரும்பகுதி 1948 இல் அரசுடைமையாகும்வரை ஆங்கிலக் கம்பனிகளுக்கே சொந்தமாயிருந்தது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. எமக்குப் பிரெஞ்சு அதனிலும் குறை. ஆயினும் முதல் நாள் அவர் கேட்ட கேள்வி தெளிவாகவே இருந்தது.

“எந்த டாங்கோ?”

நாம் விழித்தோம். அவர் சிரித்துவிட்டு, எம்மை ஒரு பெண்மணியின் இடத்தில் நிறுத்தினார். மூன்று மாதம் நீர் வழிநடத்தப்படுவீர். அதன் பின்னரே வழிநடத்துவீர் என்றார். வகுப்பிலே பெண்கள் குறைவு என்பதனால் அவர் அவ்வாறு செய்யவில்லை. தாம் பயின்ற காலத்து வழக்கம் அதுவென்றார். 1940 களில் புவெனஸ் அயர்ஸ் நகரத்து இளைஞர், ஆண்கள் மட்டுமே கூடும் பயிற்சி மனைகளில், மூத்த ஆடவரின் கையணைப்பிலே பின்னோக்கி நடந்துதான் பாடத்தைத் தொடங்குவர். பல மாதங்கள் அவ்வாறு நடந்த பின்னரே ஒரு பெண்ணை ஆடலுக்கு அழைக்கும் தகுதி ஒருவனுக்கு உண்டாகும். பெண்களோ வீட்டிற்குள்ளே, தாயோடும் தமக்கையோடும் அண்ணன் தம்பியோடும் பயின்றனர்.

வகுப்பறையிலே பத்தாண்டுகளுக்கு மேலாக நின்று பழகிய ஒருவருக்குப் பின்னோக்கி நடப்பது எளிதன்று. முப்பது நாற்பது பிள்ளைகளின் முன்னே நாமே முதலில் அடியெடுத்து வைத்துப் பழகியவர்கள். இங்கோ அடுத்த அடி எத்திசையில் என்பதை இன்னொருவர் நெஞ்சிலிருந்து அறிய வேண்டியிருந்தது. ஊகித்து முந்திக்கொண்டால் ஆசிரியர் இசையை நிறுத்திவிடுவார். “விடையைத் தெரிந்தவர்போல நடக்க வேண்டாம், கேட்டு நடவும்” என்பார். எமது மாணவருக்கு நாம் சொல்லத் தவறாத அறிவுரை இது. அதனைப் பெறும் நிலையில் நிற்பது வேறு அனுபவம்.

ஆண்கள் ஆண்களோடு பயின்ற இவ்வழக்கத்தின் வேரைத் தேடினால் நாம் அத்திலாந்திக் கடலைக் கடந்து செல்ல வேண்டும். 1870 முதல் 1914 வரையிலே ஆர்ஜென்ரீனாவிற் கரையிறங்கிய ஐரோப்பியர் ஏறத்தாழ அறுபது இலட்சம்; அவர்களுள் அரைவாசிப் பேர் அங்கேயே தங்கினர். இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்த வறியோரே பெரும்பாலார். 1914 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது தலைநகரில் இருவருள் ஒருவர் பிறநாட்டிற் பிறந்தவர். குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வந்த ஆண்களே மிகுதி. இவர்கள் வாழ்ந்த வீடுகளைக் கொன்வென்ரியோ என்பர்: நடுவே ஒரு முற்றம், சுற்றிவரச் சிற்றறைகள், அறைக்கொரு குடும்பம் அல்லது நான்கைந்து தனியர், எல்லோருக்கும் பொதுவாய் ஒரு தண்ணீர்க் குழாய். 1907 இல் வாடகை உயர்ந்தபோது இவ்வீடுகளில் வாழ்ந்தோர் வாடகை கொடுக்க மறுத்துப் போராடினர். வீட்டுக்காரரைப் பெருக்கித் தள்ளுவோம் என்று பெண்கள் துடைப்பங்களை ஏந்தி ஊர்வலம் சென்றனர். டாங்கோவின் வரலாற்றை எழுதுவோர் இத்துடைப்பங்களையும் எழுத வேண்டும். ஆடலும் அப்போராட்டமும் ஒரே வகை முற்றங்களுக்குரியவை.

அம்முற்றத்துக்கு ஐரோப்பியர் மட்டும் உரியவரல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே புவெனஸ் அயர்ஸ் வாசிகளில் மூன்றிலொரு பங்கினர்வரை ஆபிரிக்க வழியினர். அடிமைகளாகக் கொணரப்பட்டோரும் அவர்தம் மக்களுமாவர். ஆற்றின் மறுகரையிலுள்ள மொன்ரேவிடியோவிலே அவர்களது கண்டோம்பே முரசு இன்றும் தெருக்களில் ஒலிக்கின்றது. கியூபாவிலிருந்து வந்த ஹபநேராத் தாளமும், நாட்டுப்புற இடையரின் மிலோங்காப் பாட்டும், ஜேர்மனியில் உருவாகிக் கப்பலேறி வந்த பந்தோனியோன் என்னும் துருத்திப் பெட்டியும் அம்முரசின் நினைவோடு கலந்தன.

எமக்குக் கற்பிக்கப்பட்ட முதலாவது பாணி இதற்கு மிக அண்மையில் நிற்பது. கன்யெங்கே என்பது அதன் பெயர். முழங்கால்கள் மடிந்திருக்கும், உடல்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே சாய்ந்திருக்கும், பற்றிய கைகள் இடுப்பளவிலே தாழ்ந்திருக்கும். அடி சிறிது, தாளம் வெட்டு வெட்டாய் விழும். நிலத்தை விட்டு எழ விரும்பாத ஆடல் இது. ஏனைய பாணிகளில் எமது கால்கள் தடுமாறின; இதில் அத்துணைத் தடுமாற்றமில்லை. மடித்த முழங்கால் எமக்குப் பழக்கமானதன்றோ? நம்முடைய கூத்திலும் சரி, சின்னமேளத்திலும் சரி, நிலம் மிதிக்கப்படுவது மடிந்த காலினாலேதான். மட்டக்களப்பிலே பறங்கியர் ஆடும் கப்ரிஞ்ஞாவும் எம் நினைவுக்கு வந்தது. ஐபீரியக் கப்பல்களும் அவற்றிலே ஏற்றப்பட்ட ஆபிரிக்க மக்களும் தொடாத கரை உலகிற் குறைவு. பைலா என்று நாம் வழங்கும் சொல்லும் ஆடுதல் எனப் பொருள்படும் ஐபீரியச் சொல்லின் வழிவந்ததே.

இனி, பரிஸ் நகரத்தின் பங்கைச் சொல்ல வேண்டும். தம் நாட்டுத் தெருவாடலை ஆர்ஜென்ரீனத்துப் பிரபுக்கள் அருவருத்தனர். ஆயினும் அவர்களுடைய புதல்வர் சிலரே அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றோருள் இருந்தனர். 1913 இல் பரிஸ் டாங்கோப் பித்துப் பிடித்து அலைந்தது. அதே ஆண்டில் ஜேர்மனிய மன்னன் தன் படை அதிகாரிகள் சீருடையோடு டாங்கோ ஆடலாகாது எனத் தடை விதித்தான். 1914 தொடக்கத்தில் பரிஸ் பேராயர் அதனைப் பாவமென அறிவித்தார். பரிசில் வாழ்ந்த ஆர்ஜென்ரீனத் தூதரும் அது இழிந்த விடுதிகளுக்கே உரியதென வெறுத்தார். ஆயினும் ஐரோப்பியச் செல்வர் ஆடத் தொடங்கியபின் எந்த ஆடல் இழிந்ததாய் நீடிக்க முடியும்? கடல் கடந்து சென்ற டாங்கோ நிமிர்ந்த முதுகோடு தாய்நாட்டுக்குத் திரும்பியது. சொந்த ஊரில் மறுக்கப்பட்ட வாசல்கள் அதன்பின் திறந்தன.

இவ்விடத்தை எழுதும்போது நமது சதிர் நினைவுக்கு வராமலிராது. 1932 இல் சென்னைச் சங்கீத வித்துவத் சபையிலே அதற்குப் பரதநாட்டியம் என்ற பெயர் உறுதியாயிற்று. அடுத்த சில ஆண்டுகளிலே உயர்குலத்துப் பெண்கள் அதனை அரங்கேற்றினர். தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்த பெண்களோ வீதிக்கு வந்தனர். கலை உயர்த்தப்பட்டது, கலைஞர் உயர்த்தப்படவில்லை. டாங்கோவைச் செய்தோரின் கதை அத்துணைக் கொடியதன்று; வெள்ளைத் தொழிலாளரின் பெயர்களாவது எஞ்சின. கறுப்பு மக்களின் பெயர்களோ நெடுங்காலம் நூல்களில் இடம்பெறவில்லை.

இங்கிலாந்துக்காரர் செய்த காரியம் வேறு. 1920 களில் இலண்டன் நடன ஆசிரியர் சங்கத்தார் டாங்கோவை அளந்து, அடிகளுக்கு இலக்கமிட்டு, பரீட்சைக்குரியதாக்கினர். மார்பும் மார்பும் விலகின; தொடையும் இடுப்பும் ஒட்டின; தலைகள் வெடுக்கெனத் திரும்பலாயின. போட்டி மேடைகளிலே இன்றும் காணப்படுவது இதுவே. இதனையும் அறிந்துகொள்வோம் என்று வேறொரு வகுப்புக்கு ஆறு வாரம் சென்றோம். அங்கே யாவும் ஒழுங்கு. புத்தகத்தில் உள்ளது உடலில் உண்டு; புத்தகத்தில் இல்லாதது எங்கும் இல்லை. பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயாரித்து வாழ்வோராகிய நாம் அதன் வசதியை இகழ மாட்டோம். பின்லாந்துக்காரர் செய்ததோ இதற்கு மறுதலை. அவர்கள் டாங்கோவைத் தம் நாட்டுச் சோகத்துக்கு ஏற்ப மாற்றித் தமதாக்கிக்கொண்டனர். அங்கே சேய்னயோக்கி என்னும் ஊரில் 1985 தொடக்கம் கோடைதோறும் டாங்கோத் திருவிழா நிகழ்கின்றது. உழவரும் தொழிலாளரும் திரள்கின்றனர். ஒரு கலையைக் கடன்வாங்குவதிலும் இருவகை உண்டு.

புவெனஸ் அயர்சுக்கு மீள்வோம். 1935 முதல் 1955 வரையிலான காலத்தை அங்கே பொற்காலம் என்பர். யுவான் தாரியென்சோவின் வாத்தியக் குழு விரைந்த தாளத்தால் இளைஞரைத் தளத்துக்கு இழுத்தது. கார்லோஸ் தி சார்லியின் இசை நடப்பதற்கென்றே செய்யப்பட்டதுபோல் ஒழுகும். தொழிற்சாலைகள் பெருகின, வேலைக்குரிய கூலி கிடைத்தது, ஓய்வு நாளும் கிடைத்தது. நகரெங்கும் ஆடற் கூடங்கள் நிறைந்தன. இக்காலத்திலே வளர்ந்த பாணிகளின் வேற்றுமையை ஆசிரியர் விளக்கிய முறை எமக்கு மிகவும் பிடித்திருந்தது. அவர் அழகியல் பேசவில்லை. சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தரையிலே இரண்டு சதுரங்கள் வரைந்தார். ஒன்று பெரிது, ஒன்று மிகச் சிறிது.

பெரிய சதுரம் வில்லா உர்கீசா போன்ற புறநகர்ப் பகுதி. அங்குள்ள சண்டர்லாண்ட் என்னும் கழகத்திலே கூடைப்பந்தாட்டத் தரையே ஆடுதளம். இடம் தாராளம். ஆகவே அடி நீளும்; நடை பூனையின் நடைபோல் நிலத்தைத் தடவிச் செல்லும்; சுழலும்போது அணைப்புச் சிறிது திறந்து மீண்டும் மூடும். சலோன் பாணி என்பது இது. சிறிய சதுரம் நகர மையத்துத் தேநீர் விடுதிகள். மேசைகளுக்கு நடுவே சிறு இடம். அதிலே நெருக்கியடிக்கும் சோடிகள். நீண்ட அடி வைத்தால் அடுத்தவர் காலை மிதிக்க வேண்டியதுதான். ஆகவே அடி குறுகிற்று. அணைப்பு ஒருபோதும் திறவாததாயிற்று. ஆடலெல்லாம் மார்புக்குள்ளே ஒடுங்கிற்று. பிற்காலத்தில், 1990 களிலே, இதற்கு மிலோங்கேரோ பாணி என்று பெயர் வழங்கலாயிற்று. ஆடிய முதியவர்கள் அப்படியொரு பெயரை அறியார். அவர்களுக்கு அது டாங்கோ, அவ்வளவே.

ஒரு கலையின் வடிவத்தை வாழ்வின் பௌதிக நிலைமைகள் எவ்வாறு வரையறுக்கின்றன என்பதை விளக்கப் பல்கலைக்கழகத்திலே நாம் எத்தனை விரிவுரைகள் கேட்டோம்! அந்தச் சுண்ணாம்புச் சதுரங்களைப்போல ஒன்றும் தெளிவாய் இருந்ததில்லை.

ஒஸ்வால்டோ புக்லியேசேயைப் பற்றிச் சில வரிகள் எழுதாது மேலே செல்ல மனம் வரவில்லை. 1905 இல் தோன்றிய இப்பியானோ வித்துவான் 1936 இல் கம்யூனிஸ்டுக் கட்சியிற் சேர்ந்தவர். 1939 இல் தாம் தொடங்கிய வாத்தியக் குழுவைக் கூட்டுறவாக நடத்தினார். வருவாய் அவரவர் பங்குக்கேற்பப் புள்ளிக் கணக்கிலே பகிரப்பட்டது. அரசியற் கொள்கைக்காக அவர் பலமுறை சிறை சென்றார். அவர் சிறையிலிருந்த நாட்களிலே குழுவினர் அவரில்லாமலே வாசித்தனர். பியானோவின் மீது ஒரு சிவந்த பூ வைக்கப்பட்டிருக்கும். எண்பது வயதிலே, 1985 டிசெம்பரில், நாட்டின் மாபெரும் இசையரங்கான கொலோன் அரங்கில் அவர் வாசித்தார். 1995 இல் மறைந்தார். அவருடைய இசைக்கு ஆடுவது எமக்கு இறுதிவரை கைகூடவில்லை. தாளம் திடீரென நீண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, பின் அலைபோல் விழும். அந்த இடைவெளியிலே இருவரும் அசையாது நிற்க வேண்டும். நிற்பதுதான் கடினம்.

நிற்பதில் எமக்கு என்ன கடினம் என்பதைச் சொல்ல வேண்டியுள்ளது. இதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மிலோங்கேரோ பாணியைத் தொடங்கிய மாதத்திலே, ஆசிரியர் எம்மை ஒரு முதிய பெண்மணியோடு சேர்த்து நிறுத்தினார். அப்பெண்மணி ஓய்வுபெற்ற தாதி. இசை தொடங்கவில்லை. நெஞ்சோடு நெஞ்சாக, அசையாது, மூச்சைக் கேட்டவாறு நிற்கச் சொன்னார். நின்றோம். சிறிது நேரத்தில் அவர் எமது தோளைத் தட்டினார். “உடல் வந்திருக்கிறது. ஆள் வரவில்லை” என்றார்.

எமது தலைமுறையில் வடபுலத்தில் வளர்ந்தவருக்கு, அந்நியர் ஒருவரின் கை உடலிலே படுவது என்றால் முதலில் நினைவுக்கு வருவது சோதனைச் சாவடி. பாடசாலைக்குச் செல்லும் வழியிலே சைக்கிளை உருட்டிக்கொண்டு வரிசையில் நிற்போம். முறை வந்ததும் கைகளைத் தோளளவுக்கு உயர்த்துவோம். ஒரு கை விலாவைத் தடவி, முதுகைத் தடவி, காற்சட்டைப் பைகளை அழுத்திச் செல்லும். அந்த நேரத்திலே கண்ணைத் தூரத்துப் பனையொன்றின் மேல் வைத்து, மூச்சை அடக்கி, உடலை அங்கே நிறுத்திவிட்டு நாம் வேறெங்கோ சென்றுவிடப் பழகினோம். யாரும் கற்பிக்கவில்லை, எல்லோரும் கற்றோம். 2009 இல் போர் முடிந்தது. சாவடிகள் பல அகன்றன. உடல் கற்றதை உடல் மறக்கவில்லை. ஆடலுக்காகக் கைகளை உயர்த்திய கணத்திலேயே எமது கண் ஒரு பனையைத் தேடிற்று.

இவற்றை நாம் ஆசிரியருக்குச் சொன்னது சில வாரங்களுக்குப் பின்னர். அவர் வியப்படையவில்லை. தம் நாட்டவர் பலரையும் அந்த நிலையில் அணைத்திருப்பதாகச் சொன்னார். 1955 இல் பெரோனின் ஆட்சியை இராணுவம் கவிழ்த்தபின் ஆடற் கூடங்கள் தளர்ந்தன. கூட்டங் கூடுவதே ஐயத்துக்குரியதாயிற்று. 1976 இல் வந்த இராணுவ ஆட்சியோ மனிதரையே காணாமற் செய்தது. 1984 இல் அரசு விசாரணைக் குழு பதிவு செய்த காணாமலாக்கப்பட்டோர் தொகை 8,961. முப்பதாயிரம் என்பர் மனித உரிமை அமைப்பினர். ஆசிரியரின் தமக்கையார் அவர்களுள் ஒருவர். 1977 இல் தாய்மார் வெண்டுகில் அணிந்து மாயோ சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினர். அவருடைய தாயாரும் நடந்தார். 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் அமர்ந்த தாய்மாரைப் பற்றி நாம் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து இசைத்தட்டை வைத்தார். அன்று வேறு பாடம் நடைபெறவில்லை, நடந்தோம்.

பனையைத் தேடாது நிற்க எமக்கு ஏறத்தாழ ஐந்து மாதமாயிற்று. எவ்வாறு என்று கேட்டால் விளக்க இயலாது. முறை ஒன்றுண்டு. இந்த அணைப்பிலே எவரும் எதனையும் தேடவில்லை. விலக விரும்பின் விலகலாம். ஒரு பாட்டு மூன்று நிமிடம். அதன்பின் கைகள் கீழே இறங்கிவிடும். இதனை உடல் பலநூறு முறை சரிபார்த்துக்கொண்டது.

ஏனைய பாணிகளைப் பற்றி விரைந்து கூறிவிடலாம். நாடு கடந்து வந்தோர் பலருக்குப் பரிஸ் புகலிடமாயிற்று. 1981 இல் அவர்களுக்கென அங்கே ஒரு டாங்கோ அரங்கமும் திறந்தது. 1983 இல், இராணுவ ஆட்சி ஒழிந்த அதே ஆண்டிலே, ‘டாங்கோ ஆர்ஜென்ரீனோ’ என்னும் மேடைக் காட்சி பரிசில் அரங்கேறி, 1985 இல் நியூயோர்க்கை அடைந்தது. உலகெங்கும் மீண்டும் டாங்கோ வகுப்புகள் தோன்றியமைக்கு அக்காட்சியே பெருங் காரணம். அதில் ஆடியோருட் பலர் நடுவயதைக் கடந்த, பருத்த உடலினர் என்பது குறிப்பிடத்தக்கது. அதன்பின் வந்த மேடைப் பாணி வேறு திசையிற் சென்றது. காலைத் தலைக்கு மேல் வீசுவதும், பெண்ணைத் தூக்கிச் சுழற்றுவதும் வளர்ந்தன. உல்லாசப் பிரயாணிகளுக்கு இரவுணவோடு சேர்த்து விற்கப்படுவது இதுவே. ஆடுவோரின் பயிற்சியை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களும் கூலிக்கு உடல் வருத்தும் தொழிலாளரே. ஆயின் அவ்வாடலிலே இருவர் தமக்குள் பேசுவதில்லை. இருவரும் மேசைகளை நோக்கிப் பேசுகின்றனர்.

1990 களிலே குஸ்தாவோ நவேய்ரா முதலியோர் அடிகளைப் பகுத்து ஆராயத் தலைப்பட்டனர். எந்த அடியிலிருந்து எந்த அடிக்குச் செல்லலாம், எவர் அச்சு எங்கே நிற்கின்றது என்று இலக்கணம் செய்தனர். இருவரும் வெளியே சாய்ந்து தொங்கும் கொல்காதா, உள்ளே சாயும் வொல்காதா போன்றவை இதன்வழிப் பரவின. டாங்கோ நுவேவோ என்று பெயர் சொல்லி முதியோர் இதனைப் பழிக்கின்றனர். இலக்கணம் பயின்ற எமக்கு இதன்மீது பகையில்லை. இளைஞர் இதனாலேயே கவரப்படுகின்றனர். ஆணும் பெண்ணும் இடம் மாறி ஆடுவதும், பெண்ணே வழிநடத்துவதும் இவர்களிடையே இயல்பாகிவிட்டன.

2003 முதல் புவெனஸ் அயர்சில் ஆண்டுதோறும் உலகப் போட்டி நடைபெறுகின்றது. 2009 இல் யுனெஸ்கோ நிறுவனம் டாங்கோவை மானிடகுலத்தின் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. ஆர்ஜென்ரீனாவும் உருகுவேயும் கூட்டாக விண்ணப்பித்திருந்தன. கொன்வென்ரியோ முற்றத்துத் தண்ணீர்க் குழாயும் அச்சொத்திலே சேருமோ என்று ஆசிரியரைக் கேட்டோம். அது எல்லோருக்கும் பொது என்றார்.

ஆடற் கூடங்களின் ஒழுங்குமுறைகளைப் பற்றி ஒரு சொல். நான்கு பாட்டு சேர்ந்தது ஒரு தாந்தா. ஒரு தாந்தா முழுதும் ஒரே துணையோடு ஆடுவது வழக்கம். அழைப்பு வாயினால் நிகழ்வதில்லை. தூரத்திலிருந்து கண்ணால் நோக்குவர். மறுபக்கத்துக் கண் இசைந்து நோக்கினால் தலை சிறிது அசையும். விரும்பாதவர் பார்வையை வேறிடம் திருப்பினால் முடிந்தது, அவமானம் எவருக்குமில்லை. பெண்ணைக் கூடத்தில் இருத்திப் பலகாரம் பரிமாறச் செய்து ‘பார்க்கும்’ நம் வழக்கத்தோடு ஒப்பிடுங்கால் இது எத்துணை நாகரிகம் என்று முதலில் மெச்சினோம். பின்னர் அதன் மறுபுறத்தையும் கண்டோம். பேர்பெற்ற கூடமொன்றிலே மூன்று மணி நேரம் கதிரையில் அமர்ந்திருந்தோம். எமது பக்கம் திரும்பிய கண் ஒன்றுமில்லை. எம்மருகே இருந்த கயானா நாட்டுக் கறுப்பினப் பெண்மணிக்கும் அதே நிலை. இறுதியில் இருவரும் ஒருவரையொருவர் நோக்கினோம். மறுப்பு மௌனமாய் நிகழும்போது அதன் காரணமும் மௌனமாகிவிடுகின்றது. அப்பெண்மணி நன்றாகவே ஆடினார். அவரிடத்திலே நாம் கற்றது, இடைவெளியில் அவசரப்படாதிருத்தல்.

நாடு திரும்புவதற்கு முந்திய வாரம். உணவகத்திலே திருத்தவேலை நடந்தமையால் அண்ணருக்கு ஓர் ஓய்வு மாலை கிடைத்தது. எம்மை அழைத்துச் செல்ல அவர் மண்டபத்துக்கு வந்தார். கதவோரமாய், கையிலே மரக்கறிப் பையோடு, சப்பாத்தைக் கழற்ற வேண்டுமோ என்று பார்த்தவாறு நின்றார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்நகரில் வாழ்ந்தும், இத்தகைய மண்டபம் ஒன்றினுள்ளே அவர் நுழைந்ததில்லை. வகுப்பிலே அன்று ஒருவர் குறைவு. ஆசிரியர் சென்று அவர் கைப்பையை வாங்கிக் கதிரையில் வைத்தார்.

“எனக்கு உதொண்டும் தெரியாது” என்று அண்ணர் தமிழிலே சொன்னார்.

ஆசிரியர் தமிழ் அறியார். அவர் எம்மை அழைத்து அண்ணரின் முன்னே நிறுத்தினார். அண்ணரின் வலக்கையை எமது முதுகிலே வைத்தார். அண்ணர் வழிநடத்த வேண்டும். நாம் பின்னோக்கி நடக்க வேண்டும்.

நம்மவர் வீடுகளில் வளர்ந்த சகோதரர் ஒருவரையொருவர் தழுவுவதில்லை. 1997 இல் அவர் புறப்பட்ட விடியற்காலையில் எம்மைத் துயிலெழுப்பவில்லை. நாம் பரிஸ் விமான நிலையத்தில் இறங்கிய அன்றும் அவர் எமது பெட்டியைத்தான் வாங்கினார். இப்பொழுது அவர் கை எமது முதுகில் இருந்தது. எண்ணெயாலும் வெந்நீராலும் தடித்துப்போன கை. அதற்குத் தான் என்ன செய்ய வேண்டுமென்று தெரியவில்லை.

தி சார்லியின் இசை தொடங்கிற்று. முதற் பாட்டு முழுதும் நாம் அவ்விடத்திலேயே நின்றோம். பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறியது, அவ்வளவே. இரண்டாவது பாட்டிலே அண்ணர் ஓர் அடி வைத்தார். பின்னர் மற்றுமோர் அடி. சமையலறையிலே சுடுசட்டியோடு ஆட்களை விலத்திச் செல்வோர் நடை அது, ஒருவரோடும் மோதவில்லை. நாம் அந்நடையைக் கேட்டுப் பின்னோக்கிச் சென்றோம். பாட்டு முடிந்ததும் கையை எடுப்பார் என்று நினைத்தோம். எடுக்கவில்லை.

“இது மொத்தம் எத்தினை பாட்டு?” என்று கேட்டார்.

“நாலு.”

“அப்ப இன்னும் ரண்டு கிடக்கு” என்றார்.